தெரியல என்று எழுதியவர்

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவரை ஆபரேஷன் தியேட்டர் வேலைக்கு வைத்தது, அந்த மருத்துவமனை செய்த மூன்று நல்ல காரியங்களில் ஒன்று. மற்ற இரண்டும் கேன்டீன் சம்பந்தப்பட்டவை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். வயிற்றைக் கிழிக்காமல் நாலு துளை போட்டு, ஒன்றின் வழியாகக் கேமராவை உள்ளே விட்டு, டிவியைப் பார்த்தபடியே பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன் மதுரையில் பரவலாகிக்கொண்டிருந்தது. டிவி என்று வந்துவிட்டால் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்தால் பத்திரப்படுத்த ஆள் வேண்டும். காளவாசலில் ஒரு ஸ்டுடியோவில் இருந்த இவரைக் கூட்டிவந்து, தியேட்டரை ஒட்டிய சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். முதல் வாரம் அவர் எடிட் செய்து கொடுத்த கேசட்டில், ஒரு தாமரை விரிந்து அதற்குள்ளிருந்து பித்தப்பை வந்ததாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்லக்கூடாது என்பதுகூட அவரிடமிருந்து தொற்றிக்கொண்டதுதான், அதனால் இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது ஆறு வருடம் கழித்து. நாலு பேர் வேலை பார்த்த ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நான் நாலாவது ஆள். ஆபரேஷன் நடக்கும்போதே கேமரா படத்தைக் கணினி அலசி, எந்தக் குழாயை வெட்டலாம் என்று டாக்டருக்குப் பச்சைக் கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்பது எங்கள் திட்டம். பித்தப்பையிலிருந்து ஒரு சிறு குழாய் வருகிறது. அதை வெட்டலாம், வெட்டத்தான் வேண்டும். அது போய்ச் சேருகிற பெரிய குழாய் ஈரலிலிருந்து குடலுக்குப் போவது. அதை வெட்டினால் நோயாளியின் மிச்ச வாழ்க்கை ஆஸ்பத்திரியிலேயே கழியும். அழற்சி வந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொழுப்புக்குள் மறைந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் கணினியை, இருபத்து மூன்று வயதில், மாடியில் ஏசி இல்லாத ஒரு அறையில் உட்கார்ந்து செய்துவிடலாம் என்று நான் நம்பினேன். நம்பிக்கைக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

கணினிக்குக் கற்றுக்கொடுக்கப் பழைய ஆபரேஷன் படங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் குழாய் எங்கே என்று யாராவது குறித்துத் தர வேண்டும். முதலில் இளம் டாக்டர்களிடம் கொடுத்தோம். அவர்களில் ஒருவர் ஒரே மாலையில் இருநூறு படங்களைக் குறித்துத் தந்தார். நான் மகிழ்ந்துபோய் அதைத் தூக்கிக்கொண்டு வீடியோ அறைக்குப் போனேன்.

அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்து ஒன்றில் நின்றார்.

"இது தரை மேடம்."

"எதுண்ணே?"

"கேமராவ வெளிய எடுத்துத் தொடச்சப்ப தியேட்டர் தரை தெரிஞ்சிருக்கு. டாக்டர் தரையிலயும் குழாயக் கண்டுபுடிச்சிருக்காரு."

அப்படித்தான் குறிக்கிற வேலை அவர் தலையில் வந்து விழுந்தது. அதற்குள் அந்த மருத்துவமனையில் நடந்த பித்தப்பை ஆபரேஷன் அத்தனையையும் பார்த்திருந்த ஒரே மனிதர் அவர்தான். டாக்டர்கள்கூடத் தங்கள் ஆபரேஷனை மட்டும்தான் பார்த்திருந்தார்கள். அவர் குறித்ததை ஒரு மூத்த டாக்டர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார் என்று ஏற்பாடு. சரிபார்க்கும் பகுதி காகிதத்தில் இருந்தது. கையெழுத்து மட்டும் நிஜமாக நடந்தது.

நான் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறவள். அவரைப் பற்றியும் என் நோட்டில் ஒன்று இருந்தது.

ஒன்று: ஒவ்வொரு ஆபரேஷனுக்கு முன்பும் மைக்கில் "வெள்ளையக் காட்டுங்க" என்பார். கேமரா முன்னால் வெள்ளைத் துணியைக் காட்டி நிறத்தைச் சரிசெய்யாமல் படம் பிடிக்க விடமாட்டார். அவசரத்தில் ஒருமுறை யாரோ பச்சைத் துணியைக் காட்டியதற்கு ஆபரேஷனை நாலு நிமிடம் நிறுத்திவைத்தார்.

இரண்டு: எல்லாப் படத்திலும் மூலையில் நேரம் இருக்க வேண்டும். "நேரம் இல்லாத படம் யாரு வீட்டுக் கல்யாணமோ" என்பார்.

மூன்று: வீட்டிலிருந்து போன் வந்தால் சௌராஷ்டிரத்தில் பேசுவார். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் மனைவி ஏதோ கேட்க, இவர் அதற்கு உறுதியாகப் பதில் சொல்ல மறுக்கிறார் என்பது மட்டும் எந்த மொழியிலும் புரியும்.

நான்கு: பாராட்ட மாட்டார். புதுச் சேலை கட்டிக்கொண்டு போன அன்று, "நிறம் நல்லாருக்காண்ணே?" என்று கேட்டேன். டியூப்லைட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இந்த லைட்டுல தெரியல மேடம்" என்றார். பெரிய டாக்டர் ஆண்டு விழாவில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்து, எப்படி இருந்தது என்று இவரைக் கேட்டார். "மைக் இரையல சார்" என்று பதில் வந்தது. பெரிய டாக்டர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் மேலே வருகிறவர்களுக்கு அந்தத் திறமை வேண்டும்.

ஐந்தாவதுதான் முக்கியம். நான் கணினியில் தயாரித்த தாளில் ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கட்டங்கள் இருந்தன. சிறு குழாய், பெரிய குழாய், தெரியல. மூன்றாவதை நான் ஒரு மரியாதைக்காக வைத்திருந்தேன், பஸ்ஸில் 'புகார்ப் பெட்டி' வைத்திருப்பதைப்போல. அவர் மூன்று படத்துக்கு ஒன்றில் அதை நிரப்பினார்.

"அண்ணே, இதுல லேசா ஒரு விளிம்பு இருக்கே. சிறு குழாய்னு போட்டா என்ன?"

"இருக்கலாம்."

"அப்பப் போடுங்களேன்."

"இருக்கலாம்னு ஒரு கட்டம் இல்லையே மேடம்."

பிடிவாதம் பழையது. ஒரு முகூர்த்த நாளில், திருப்பரங்குன்றம் கோயிலில் ஒரே சமயத்தில் பல கல்யாணம் நடந்த நெரிசலில், இவர் படமெடுத்த மாப்பிள்ளை தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாகத் தாய்மாமன் குறுக்கே வந்து நின்றுவிட்டார். மற்ற வீடியோக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று ஊருக்கே தெரியும். மாப்பிள்ளையை இன்னொரு தடவை பெண்ணின் கழுத்துக்குக் கை கொண்டுபோகச் சொல்லி எடுத்துச் சேர்த்துவிடுவார்கள். இவர் மறுத்துவிட்டார். அந்தக் கேசட்டில் கெட்டிமேளம் முழுக்கத் தாய்மாமனின் முதுகு. சட்டையில் வேர்வை ஒரு மாநிலத்தின் வரைபடம்போலப் பரவுவது தெளிவாகத் தெரியும் என்றார்கள். அந்த வீட்டார் இவரைக் காணும் இடமெல்லாம் திட்டினார்கள்.

"எடுத்து ஒட்டியிருக்கலாம்லண்ணே? யாருக்கு நஷ்டம்?"

"மறைச்சுட்டாருன்னா மறைச்சுட்டாருதான் மேடம். இன்னொரு தாலிய எடுத்து ஒட்டுனா அது அந்தத் தாலி இல்ல." பிறகு டிவியைக் காட்டினார். "வயித்துக்குள்ள யாரும் குறுக்க வந்து நிக்க மாட்டாங்கன்னு நெனச்சு இங்க வந்தேன். கொழுப்பு வந்து நிக்குது."

ஆறு மாதத்தில் எங்கள் மென்பொருள் ஓடத் தொடங்கியது. மோசமில்லை. ஆனால் மூன்று படத்துக்கு ஒருமுறை கோடு போடாமல் திரையின் ஓரத்தில் 'தெரியல' என்று காட்டியது. எங்கள் மேலாளர் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏம்மா, தெரியலைன்னு சொல்றதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய மெஷின்? அத நம்ம ஊர்ல எவன்ட கேட்டாலும் சும்மாவே சொல்லுவானே."

"படத்துல நெஜமாவே தெரியல சார்."

"அடுத்த மாசம் டெமோ. வெளியூர் டாக்டர்லாம் வாராங்க. டேட்டாவக் கொஞ்சம் சுத்தம் பண்ணிரும்மா."

சுத்தம் என்பது அழகான சொல். அவர் எந்த வரிசையை எடுக்கச் சொன்னார் என்று எங்கும் எழுதவில்லை. நானே புரிந்துகொண்டேன். புத்திசாலிப் பெண் என்று பெயர் வாங்குவதற்கு இதுதான் வழி. மருத்துவமனையின் வீடியோ அறையில் இருந்த கணினியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்றாவது கட்டம் நிரப்பியிருந்த வரிசைகளை எல்லாம் தேர்ந்தெடுத்தேன். அவர் பக்கத்து நாற்காலியில் கேசட்டின் மேல் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையுமா மேடம்?"

"ஆமாண்ணே."

"அப்பத் தெரியாத எடத்துல அது என்ன சொல்லும்?"

நான் உண்மையைச் சொன்னேன். தொழில்நுட்பக் கேள்விக்குப் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. "தெரிஞ்ச எடத்துல சொல்றதத்தாண்ணே சொல்லும். அதுக்கு வேற எதுவும் தெரியாதுல்ல."

அவர் என் விரலைப் பார்த்தார். விரல் அழுத்தியது. ஆறு மாதம் அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்த வேலையில் மூன்றில் ஒரு பங்கு இரண்டு நொடியில் போனது. லேபிளைத் தேய்த்து ஒட்டி, அதில் தேதியும் நேரமும் எழுதினார். 

மிச்ச வரிசைகளை வைத்து மறுபடி கற்றுக்கொடுத்த பிறகு மென்பொருள் எதையும் தெரியாது என்று சொன்னதே இல்லை. மேலாளர் பூரித்துப்போனார்.

டெமோவுக்கு ஒப்புக்கொண்ட நோயாளி, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா. ஐம்பது வயதிருக்கும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கப் போனது நான்.

"படம் புடிப்பீகளாம்ல தாயி? மூஞ்சி வருமா?"

"வராதும்மா. வயித்துக்குள்ள மட்டுந்தான்."

"அப்பச் சரி. நாலு ஓட்டைதானே?"

"நாலுதாம்மா. பொட்டு மாதிரி."

"நாலாம் நாளு ஏவாரத்துக்குப் போயிரலாம்ல? நான் போகலைன்னா என் எடத்துல இன்னொருத்தி கூடையப் போட்டுருவா."

போகலாம் என்றேன். எனக்கு யாரும் அந்த அதிகாரம் கொடுக்கவில்லை.

டெமோ அன்று கூட்ட அரங்கில் வெளியூர் டாக்டர்கள் நிறைந்திருந்தார்கள். தியேட்டர் படம் வீடியோ அறை வழியாக எங்கள் கணினிக்கு வந்து, கோடு சேர்ந்து, ஒரே நேரத்தில் பெரிய டாக்டரின் டிவிக்கும் அரங்கத் திரைக்கும் போகும். நடுவில் ஒரு சிறு சுவிட்ச் பெட்டி. ஒரு பொத்தான் கோட்டோடு கூடிய படம், இன்னொன்று வெறும் படம். வீடியோ அறையில் பெட்டி அவர் கையில், பக்கத்தில் நான். "வெள்ளையக் காட்டுங்க" என்றார். காட்டினார்கள். ஆபரேஷன் தொடங்கியது.

கேமரா உள்ளே போனது. பித்தப்பை வீங்கி, சுற்றிலும் கொழுப்பு அப்பிப்போயிருந்தது. இரத்தத்தை நிறுத்தச் சூடு வைத்ததில் புகை வேறு. ஒரு விளிம்பும் தெரியவில்லை. ஆனால் திரையில் எங்கள் பச்சைக் கோடு, நேராக, திடமாக, துளி நடுக்கம் இல்லாமல் விழுந்தது. அரங்கத்திலிருந்து கைதட்டல் ஸ்பீக்கரில் கேட்டது. எங்கள் மேலாளரின் கைதான் முதல் கை என்று நினைக்கிறேன்.

பெரிய டாக்டர் மைக்கில் விளக்கிக்கொண்டே வெட்டுவதற்கு முன் குழாயை அடைக்கும் கிளிப் கருவியைக் கோட்டின் மேல் கொண்டுவந்தார். "பாருங்க, வெட்ட வேண்டிய குழாய கம்ப்யூட்டரே காட்டுது."

வீடியோ அறையில் இவர் முன்னால் சாய்ந்தார். "மேடம், இதுல என்ன தெரியுது?"

நான் கோட்டைப் பார்த்தேன். பிறகு கோட்டுக்குக் கீழே பார்த்தேன். "ஒண்ணும் தெரியலண்ணே" என்றேன். 

அவர் பொத்தானை அழுத்தினார். கோடு போய்விட்டது. டிவியில் வெறும் கொழுப்பும் புகையும்.

"யாருய்யா அங்க? கோடு எங்க?" பெரிய டாக்டர்.

இவர் மைக்கை வாயருகே இழுத்தார். கல்யாண மண்டபத்தில் "கொஞ்சம் வெலகுங்க" என்று சொல்கிற அதே குரல். "கோடு இல்ல சார். தெரியல."

"என்ன தெரியல?"

"குழாய் தெரியல சார். புகை அடங்கட்டும். நீங்களே பாத்துக்கங்க."

அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். பெரிய டாக்டருக்கு நல்ல கோபம். ஆனால் கோடு இல்லாத படத்தை அவர் பார்க்க வேண்டியதாயிற்று. பார்த்தார். புகை அடங்கும்வரை பார்த்தார். நான் என் கணினியில் நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் கருவியை வெளியே எடுத்தார். "ஓப்பன் பண்ணிரலாம்" என்றார். வயிற்றைத் திறந்தபோது, கோடு விழுந்த இடத்தில் இருந்தது பெரிய குழாய்.

மறுநாள் நடந்தவை: மருத்துவமனையின் செய்திக்குறிப்பில், அதிநவீனத் தொழில்நுட்பம் உரிய நேரத்தில் எச்சரித்ததால் நோயாளி காப்பாற்றப்பட்டார் என்று வந்தது. பொத்தானை அழுத்திய விரல் எந்த நாட்டுத் தொழில்நுட்பம் என்று குறிப்பில் இல்லை. அதே மறுநாள், அனுமதியின்றி ஒளிபரப்பைத் தடைசெய்ததற்காக அந்த விரலுக்கு ஒரு விளக்கம் கேட்கும் கடிதமும் வந்தது. ஒரே தட்டச்சுக்காரர் இரண்டையும் அடித்திருந்தார்.

தையல் பிரிக்கிற அன்று பூக்கார அம்மா வீடியோ அறையைத் தேடி வந்துவிட்டார். ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தார்.

"கோட்ட அழிச்ச ஆளு யாரு?"

"நாந்தாம்மா" என்றார் இவர்.

"நாலு பொட்டுன்னு சொல்லிட்டு இம்புட்டு நீளத்துக்குக் கிழிச்சு வச்சிருக்கீக. ஒம்மள அந்தக் கோடு என்ன பண்ணுச்சு? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுதுன்னு விட்டா என்ன?"

பொட்டு என்று சொன்னவள் நான். பக்கத்தில்தான் நின்றேன்.

"தெரியலம்மா அதுல" என்றார் அவர்.

"கண்ணாடி போடும்." அந்த அம்மா திரும்பி நடந்தார். வாசலில் நின்று, "என் எடம் போச்சு. இனி ஆறாம் நம்பர் பிளாட்பாரத்துலதான் ஒக்காரணும், பாத்துக்கிடும்" என்று ஒரு தகவலும் சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணை நடந்தது. பெரிய டாக்டர், மருத்துவமனை நிர்வாகி, எங்கள் மேலாளர். குறிப்பெடுக்க நான், என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால். கணினி ஏன் தவறான இடத்தில் கோடு போட்டது என்பது கேள்வி. மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கணினி பாவம், கற்றுக்கொடுத்ததைத்தானே சொல்லும், படங்களைக் குறித்த ஆள் தப்பாகக் குறித்திருக்க வேண்டும் என்றார். எல்லோரும் எதிரே உட்கார வைத்திருந்த வீடியோக்காரரைப் பார்த்தார்கள்.

நிர்வாகி கேட்டார். "தெரியாத படத்துலல்லாம் தெரியலைன்னுதான் குறிச்சீங்களா?"

"ஆமா சார்."

"தாள்ல அப்படி ஒரு வரியும் இல்லையேய்யா. யாராச்சும் அழிச்சிருந்தாங்கன்னா, யாரு அழிச்சா? பாத்தீங்களா?"

என் பேனா நின்றது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. எதிர்ச் சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் பாக்கல சார்."

நான் எழுதினேன்: பார்க்கவில்லை என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அன்று வீட்டில் ஒரு பட்டியல் போட்டேன். மூன்று காரணம் வந்தது. மூன்றுமே எனக்குச் சௌகரியமாக இருந்ததால் கிழித்துப் போட்டேன்.

அறிக்கையில் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். அவரிடம் கொண்டுபோனேன். தன் பதில் இருந்த வரியைப் படித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல போட முடியாது மேடம்."

வாயால் சொன்னார். கையால் முடியவில்லை. அந்த வாரமே வீடியோ பிரிவு மறுசீரமைக்கப்பட்டது. பிரிவில் அவர் ஒருவர்தான் இருந்தார், மறுசீரமைக்க வேறு யாரும் இல்லை. காளவாசல் ஸ்டுடியோவுக்கே திரும்பிப் போனார்.

அறிக்கையில் அவர் பெயருக்கு எதிரே இடம் காலியாக இருந்தது. "நீயே ஒரு கிறுக்கு கிறுக்கிரும்மா. எவன் பாக்கப் போறான்" என்றார் மேலாளர். கிறுக்கினேன். 'அந்த வரிசைகளை நீக்கியது நான்' என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டுக் கோப்பில் வைத்தேன். என் வேலை போகும் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன், வீட்டில் சொல்லவேண்டியதைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மூன்றாவது வாரம் எனக்குச் சம்பள உயர்வு வந்தது. மேலாளர் சொன்னது சரி. எவனும் பார்க்கவில்லை.

என்னிடமிருந்த பழைய பிரதியிலிருந்து அவருடைய வரிசைகளை எடுத்து மென்பொருளில் மறுபடி சேர்த்தேன். அது மூன்றுக்கு ஒருமுறை 'தெரியல' என்று சொல்லத் தொடங்கியது. மேலாளர் இம்முறை தடுக்கவில்லை. விளம்பரத் தாளில் அதற்கு 'அறிவார்ந்த எச்சரிக்கை' என்று பெயர் வைத்து, தனியாக ஒரு வண்ணப்படமும் போட்டார்.

சில மாதம் கழித்துக் காளவாசல் ஸ்டுடியோவுக்குப் போனேன். ஒரு கல்யாணத்தை எடிட் செய்துகொண்டிருந்தார். திரையில் யாரோ ஒரு சித்தப்பாவின் முதுகு. அறிக்கையைப் பற்றி, காலி இடத்தைப் பற்றி, நான் எழுதியதைப் பற்றிச் சொன்னேன். அவர் முதுகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நேரம் போட்டீங்களா மேடம்?"

"இல்லண்ணே."

"அப்ப அது யாரு வீட்டுக் கல்யாணமோ."

மறுநாள் கோப்பைத் தேடி எடுத்தேன். மேலே தூசி படிந்திருந்தது. வரிசைகளை அழித்த நேரத்தைக் கணினி தன் பாட்டுக்குக் குறித்து வைத்திருந்தது. அதைப் பார்த்து என் கையெழுத்துக்குக் கீழே தேதியும் நேரமும் எழுதினேன். பிற்பகல் மூன்று பதினேழு.